காகிதத்தில் ஓடிய மெஷின் ஷாப்

பெரியவள் போன மாதம் கல்லூரியிலிருந்து ஒரு தடிப் புத்தகம் கொண்டுவந்தாள். நான் கையில் எடுத்துப் புரட்டியதும், "உங்களுக்குப் புரியாதுப்பா" என்று சிரித்தாள். பல வகைப் பாகங்களை ஒரே மெஷின் வரிசையில் மாற்றி மாற்றிச் செய்யும் தொழிற்சாலையை எப்படித் திட்டமிடுவது என்பதுதான் அந்தப் புத்தகம். கட்டுவதற்கு முன்பே கம்ப்யூட்டரில் அதை ஓட்டிப் பார்ப்பதற்கு சிமுலேஷன் என்று பெயராம். அனுபவப்பட்டவர்கள் மனதில் வைத்திருப்பதை விதி விதியாக எழுதிக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தால் அது எக்ஸ்பர்ட் சிஸ்டமாம்.

நான் எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவன். ஆனாலும் இந்த இரண்டையும், பெயர் தெரியாமலே, ஒரு கேன்டீன் மேஜையில் சோடா மூடிகளை வைத்துச் செய்திருக்கிறேன். வாயால் சொன்னால் பிள்ளைகள் நீங்கள் எல்லோரும் பாதியில் எழுந்து போய்விடுவீர்கள். அதனால் எழுதுகிறேன்.

திருவொற்றியூரில் நான் வேலை பார்த்த ஷெட்டை நீங்கள் பார்த்ததில்லை. இன்றைக்கு அந்த இடத்தில் கன்டெய்னர் பெட்டிகளை அடுக்கியிருக்கிறார்கள். எழுபதுகளில் அது நீளமான ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட மெஷின் ஷாப். கிழக்கு வாசலைத் திறந்தால் உப்புக் காற்று வரும், மேற்கு வாசலைத் திறந்தால் மணலி எண்ணெய் ஆலை வாடை வரும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எதைத் திறப்பது என்று தினமும் ஒரு சண்டை நடக்கும். சண்டை முடிவதற்குள் ஷிப்டு முடிந்துவிடும்.

என் வேலைக்கு 'சேசர்' என்று பெயர். துரத்துகிறவன். வேலை அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தப் பாகம் எந்த மெஷினில் நிற்கிறது, அடுத்து எங்கே போக வேண்டும், ஏன் இன்னும் போகவில்லை என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே நடப்பது. ஆட்களுக்கு என்னைப் பார்த்தாலே எரிச்சல் வரும். வந்தாலும் டீ வாங்கிக் கொடுப்பார்கள்.

அந்த வருஷம் கம்பெனிக்கு ஒரு புது வேலை வந்தது. அதுவரை நாங்கள் மூன்று வகைப் பாகங்களைத்தான் ஆயிரக்கணக்கில் செய்துகொண்டிருந்தோம். புது வேலையில் பன்னிரண்டு வகை. இன்று இதில் நாற்பது, நாளை அதில் இருபது என்று கலந்து கேட்டார்கள். எங்கள் பழைய ஷெட் இதற்குத் தாங்குமா, அல்லது வெளியூரில் புதிதாகக் கட்டியிருந்த இன்னொரு ஷெட்டுக்குக் கொடுத்துவிடலாமா என்று மேனேஜர் யோசித்தார். அங்கே கொடுத்தால் எங்களில் பாதிப் பேர் மூட்டை கட்டிக்கொண்டு அங்கே போக வேண்டும். மீதிப் பேர் வீட்டுக்குப் போக வேண்டும்.

பெரியவள் அப்போது கைக்குழந்தை. உங்கள் அம்மா ராயபுரத்தைத் தாண்டி வாழ்ந்ததில்லை. அவளுடைய அப்பாவும் அண்ணன்மாரும் துறைமுகத்தில் வேலை பார்த்தார்கள். கோயிலும் அங்கேதான், பிறந்த வீடும் அங்கேதான். நான் விஷயத்தைச் சொன்னதும் குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு சொன்னாள்: "நீ எங்க வேணா போ. நான் எங்கயும் வர்ல. அங்க கடலு கீதா, கோயிலு கீதா? இன்னா கீது அங்க?"

மெஷின் இருக்கிறது என்றேன்.

இப்படி இருக்கும்போதுதான் இன்ஜினியர் வந்தார். கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர், என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவராக இருப்பார். யாரையும் 'ங்க' போடாமல் பேச மாட்டார். நகரத்தின் தென்கோடியில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் இருந்தது. அதில் எங்கள் ஷெட்டை ஓட்டிப் பார்த்து, புது வேலையைத் தாங்குமா தாங்காதா என்று அவர் அறிக்கை கொடுக்க வேண்டும்.

முதல் நாள் இரும்பைச் சீவும் மில்லிங் மெஷின் பக்கத்தில் நின்று எங்களுக்கு விளக்கினார். "இல்லாத ஷாப்பை ஓட்டிப் பாக்கறதுங்க. நம்ம மெஷினுக எல்லாம் காகிதத்துல நம்பரா இருக்கும். ஒரு மாசத்து வேலையை அஞ்சு நிமிஷத்துல ஓட்டிட்டு, எங்க நெரிசலாகுதுன்னு சொல்லிரும்."

முதல் ஷிப்டு மில்லிங்காரர் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார். அவர் முகத்துவாரக்குப்பத்து ஆள். அவர் வீட்டில் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள், அவர் ஒருவர்தான் மெஷினுக்கு வந்தவர். "ஒரு மாசத்து வேலய அஞ்சு நிமிசத்துல முடிச்சிருதா? அப்ப அதையே வேலைக்கு வச்சிக்க சொல்லு சார். நாங்க வூட்டுக்குப் போறோம்."

"அது ஒரு பீஸ் கூடச் செய்யாதுங்க. செஞ்ச மாதிரி கணக்குப் போடும்."

"அப்ப எங்க சூப்பர்வைசர் மாதிரின்னு சொல்லு."

சூப்பர்வைசர் அங்கே இல்லை என்பதால் எல்லோரும் நன்றாகச் சிரித்தோம்.

இன்ஜினியருக்கு ஒவ்வொரு வேலைக்கும் ஆகும் நேரம் வேண்டியிருந்தது. அது அட்டையிலேயே இருந்தது. ஆனால் மூன்று வேலை காத்திருந்தால் எதை முதலில் எடுப்பார்கள் என்பது எந்த அட்டையிலும் இல்லை. அதைத் தெரிந்தவன் துரத்துகிறவன்தான் என்று அவர் கண்டுபிடித்துவிட்டார். ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, "இப்படி இருந்தா இப்படிச் செய்வோம்னு ஒவ்வொண்ணா எழுதுங்க. உங்களுக்குச் சாதாரணமா தோணறதையும் எழுதுங்க" என்றார்.

எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. எழுத எழுதத்தான் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தது. வார்ப்பிரும்பு வேலை முடிந்த மெஷினில் துடைக்காமல் அலுமினியம் போட்டால் தூள் கீறிவிடும். திங்கட்கிழமை காலையில் போரிங் மெஷினின் முதல் பீஸை நம்பக் கூடாது, அரைமணி ஓடிச் சூடேற வேண்டும். கிழக்கு வாசல் திறந்திருந்தால் முடித்த பாகத்தை எண்ணெய் பூசாமல் அங்கே நிறுத்தக் கூடாது, மறுநாளே துரு பூக்கும். ஏற்றுமதி அட்டையில் அவசரம் என்று சிவப்புக் கோடு இருந்தாலும், டிரில்லிங்காரர் கையில் பாதி முடிந்த வேலையைப் பிடுங்கக் கூடாது. பிடுங்கினால் இரண்டும் கெடும். இப்படி நாற்பதுக்கு மேல் எழுதினேன். இன்ஜினியர் ஒவ்வொன்றையும் படித்துவிட்டு "ஏனுங்க?" என்று கேட்பார். காரணம் சொல்ல முடியாமல் மெஷின்காரரிடம் ஓடுவேன். அவர்கள் "அத்த யாருப்பா கேட்டா?" என்று முதலில் முறைத்துவிட்டு, பிறகு ஒரு மணி நேரம் சொல்வார்கள்.

ஒரே ஒரு விதியை மட்டும் நான் எழுதவில்லை.

ஷிப்டு முடிவதற்கு முன் கால் மணி நேரம் கை கழுவ விடுவார்கள். வார்ப்பிரும்புக் கரி சோப்புக்குப் போகாது. மரத்தூளைப் போட்டுத் தேய்த்தாலும் ரேகையில் நின்றுவிடும். அந்தக் கால் மணியை, நான் சேர்வதற்கு முன்பே, ஆட்கள் கேட்டில் உட்கார்ந்து போராடி வாங்கியிருந்தார்கள். அதில் யாரும் மெஷினைத் தொடக் கூடாது என்பது தொழிலாளிகளே போட்டுக்கொண்ட கட்டு. தொட்டால், இந்த நேரம் உங்களுக்குத் தேவையில்லையே என்று நிர்வாகம் பிடுங்கிக்கொள்ளும்.

ஆனால் மில்லிங் மெஷினில் தினமும் தொட்டார்கள். இரண்டாம் ஷிப்டு மில்லிங்காரர் ராயபுரத்துக் கிறிஸ்தவர். அவர் வரும் ரயிலுக்கு அடுத்த ரயில் தாமதம் என்பதால் எப்போதும் அரைமணி முன்னதாகவே வந்து நிற்பார். வேறு வகைப் பாகம் செய்ய வேண்டுமானால், பாகத்தை இறுக்கிப் பிடிக்கிற கனத்த இரும்புத் தாங்கியைக் கழற்றி வேறொன்றை மாட்ட வேண்டும். அதற்குச் செட்டிங் என்று பெயர். தனி ஆளாகச் செய்தால் எடை தூக்கும் செயின் பிளாக் வரக் காத்திருந்து, தூக்கி, நேர் பார்த்து, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரண்டு பேர் கை கொடுத்தால் கால் மணி நேரம். அதனால் செட்டிங் மாற்றுவதை எல்லாம் ஷிப்டு மாறும் நேரத்துக்கே தள்ளிவைத்துக்கொள்வார்கள். கை கழுவும் மணி அடித்ததும் குப்பத்துக்காரர் ஒரு பக்கம், ராயபுரத்துக்காரர் ஒரு பக்கம் பிடித்து மாற்றிவிடுவார்கள். நண்பனுக்குச் செட்டிங் போடாத வெறும் மெஷினைக் கொடுத்துவிட்டுப் போவது அவர்களுக்கு மரியாதைக் குறைவு. ஷெட்டில் எல்லோருக்கும் இது தெரியும், சங்கத்துக்காரர்களுக்கும் தெரியும். மேனேஜருக்கு மட்டும் தெரியாது. நோட்டில் எழுதினால் தெரிந்துவிடும். அதனால் எழுதவில்லை. சரியாகத்தான் செய்கிறேன் என்று நினைத்தேன்.

இன்ஜினியர் என் விதிகளையும் நேரங்களையும் கம்ப்யூட்டர் படிக்கிற அட்டைகளில் ஓட்டை ஓட்டையாகக் குத்தி, செருப்புப் பெட்டிகளில் அடுக்கி, இரண்டு பஸ் மாறித் தூக்கிக்கொண்டு போவார். முடிவு வர ஒரு வாரம் ஆகும். முதல் முடிவு வந்தபோது பச்சைக் கோடு போட்ட நீளத் தாளை விரித்துக் காட்டினார். காகிதத்து ஷெட்டில் எல்லா மெஷினும் நன்றாக ஓடியது, மில்லிங் மெஷினைத் தவிர. அதன் முன்னால் வேலை தேங்கி, தேங்கி, மாதக் கடைசியில் டிராலிகள் வாசல்வரை நின்றன.

"நேர்ல பாத்தா மில்லிங்ல இத்தனை தேங்கறதில்லையேங்க" என்றார். எண்களைச் சரிபார்த்து மறுபடி கொண்டுபோனார். மறுபடியும் அதே தேக்கம். மூன்றாவது தடவையும் அதே. அறிக்கை கொடுக்க இரண்டு வாரம்தான் இருந்தது. "இப்படியே எழுதுனா, இந்த ஷெட் தாங்காதுன்னுதான் எழுதணும். ஏதாச்சும் விட்டுட்டீங்களா?"

"இல்ல சார்" என்றேன்.

அந்தப் பொய்யைச் சொல்லிவிட்டு ஷெட்டின் அந்தக் கோடி வரை சும்மா நடந்தேன். நான் மறைத்த கால் மணிதான் காகிதத்தில் தினமும் ஒரு மணி நேரமாக நின்று எங்கள் வேலையைத் தின்றுகொண்டிருந்தது. சொன்னால் அவர்கள் கை கழுவும் நேரம் போகும். சொல்லாவிட்டால் ஷெட்டே போகும்.

வீட்டில் உங்கள் அம்மாவிடம் சொன்னேன். "அவுங்க நேரத்த நீ யாரு எழுதிக் குடுக்க?" என்றாள் முதலில். கொஞ்ச நேரம் கழித்து, "போய் அவுங்களையே கேளேன். வாயில இன்னா, கொழுக்கட்டையா கீது?" என்றாள்.

மறுநாள் கை கழுவும் மணி அடித்ததும், இருவரும் தாங்கியைத் தூக்கிக்கொண்டிருக்கும்போதே போய்க் கேட்டேன். குப்பத்துக்காரர் போல்ட்டை முறுக்கிக்கொண்டே பேசினார். "எழுதிக் குடு. நாளைக்கே மணி அடிக்கிறத நிறுத்திருவான். அதுக்கா எங்க பெரியவங்க கேட்ல வெயில்ல காஞ்சாங்க?"

"எழுதலன்னா வேலையே வெளியூருக்குப் போவுது அண்ணே."

"போவட்டும். நான் கடலுக்குப் போறேன்."

"உனுக்கு நீச்சலே தெரியாது மாமு" என்றார் ராயபுரத்துக்காரர். குப்பத்துக்காரர் அவரை முறைத்தாரே தவிர, மறுக்கவில்லை. பேச்சு அத்துடன் நின்றது.

இன்ஜினியருக்குக் கம்ப்யூட்டரில் ஒதுக்கிய நேரம் முடிந்துவிட்டது. இன்னும் ஒரே ஒரு தடவைதான் தருவோம் என்றார்கள் கல்லூரியில். அதை வீணாக்காமல், முதலில் கையால் ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தார். சனிக்கிழமை அரைநாள் வேலை. மதியம் கேன்டீனில் இரண்டு மேஜைகளைச் சேர்த்துப் போட்டு, பெரிய தாளில் ஷெட்டின் படத்தை வரைந்தார். மெஷினுக்கு ஒரு கட்டம். சோடா மூடிகளுக்கு வர்ணம் அடித்துப் பாகங்கள். ஒரு சுற்று என்பது கால் மணி நேரம். ஒரு பிஸ்கட் டப்பாவில் சீட்டுகள், சுற்றுக்கு ஒன்று எடுக்க வேண்டும். பெரும்பாலும் வெற்றுச் சீட்டு. சிலவற்றில் 'டூல் உடைந்தது' என்றும் சிலவற்றில் 'கரண்ட் போச்சு' என்றும் எழுதியிருந்தார். "அவங்கவங்க மெஷினை அவங்கவங்களே ஓட்டுங்க. விதி நோட்டுல இருக்கு, அதும்படி மட்டும் நகத்தணும்" என்றார்.

மற்ற மெஷின்களுக்கு இன்ஜினியரே மூடி நகர்த்தினார். மில்லிங் கட்டத்துக்கு முன்னால் குப்பத்துக்காரர் உட்கார்ந்தார். ராயபுரத்துக்காரர் தன் ஷிப்டு வரும்வரை அவர் பின்னால் நின்று வாழைப்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சுற்றி ஒரு கூட்டம். முதல் சீட்டிலேயே 'கரண்ட் போச்சு' வந்தது. "கரெக்டா கீது சார் உன் கம்ப்யூட்டரு" என்று யாரோ சொன்னார்கள்.

குப்பத்துக்காரர் நன்றாக விளையாடினார். ஷிப்டு முடியும் சுற்று வந்ததும் கையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். ராயபுரத்துக்காரர் உட்கார்ந்தார். அவர் முன்னால் வெறும் கட்டம்.

"செட்டிங்ல அஞ்சு சுத்து நிக்கணுங்க" என்றார் இன்ஜினியர்.

ஐந்து சுற்று. ராயபுரத்துக்காரர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்துக் கட்டங்களிலிருந்து மூடிகள் வந்து அவர் முன்னால் குவிந்தன. கூட்டம் சும்மா இருக்குமா?

"இன்னாபா, தூங்கிகினு கீறியா?"

"நான் இன்னா பண்றது?" என்றார் அவர், குப்பத்துக்காரரைத் திரும்பிப் பார்த்து. "வெறும் மெஷின குடுத்துட்டுப் போயிட்டான் தோஸ்து."

வேறு யாராவது சொல்லியிருந்தால் குப்பத்துக்காரர் சண்டைக்குப் போயிருப்பார். நண்பர் சொன்னதும் அவர் முகம் கறுத்துவிட்டது. தாளில் இரண்டாவது நாள் தொடங்கியதும் மறுபடி உட்கார்ந்தார். மூடிகள் இன்னும் குவிந்திருந்தன. ஷிப்டு முடியும் சுற்று வந்தது. எழுந்திருக்கவில்லை. வலது கை தானாகப் போய்ப் பழைய மூடியை எடுத்து, அடுத்த வேலையின் மூடியைக் கட்டத்தில் வைத்தது. வைத்துவிட்டு, "ம், உக்காரு" என்றார் நண்பரிடம்.

இன்ஜினியர் பென்சிலைக் கீழே வைத்தார். "இது எந்த விதிங்க?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நோட்டு என் கையில் இருந்தது.

"நான் எழுதாம விட்டது சார்" என்றேன். "தெரிஞ்சேதான் விட்டேன். அது கை கழுவுற நேரம். எழுதினா அது போயிரும்."

இன்ஜினியர் என் பக்கம் திரும்பினார். "மூணு தடவை அந்தப் பெட்டியை ரெண்டு பஸ்ல தூக்கிட்டுப் போனேனுங்க" என்றார். பென்சிலை மறுபடி கையில் எடுத்தார். எனக்குத் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

குப்பத்துக்காரர்தான் பேசினார். "எழுது சார். ஆனா கை கழுவுற நேரத்துல கை வைக்காம எழுத முடியுமா உன்னால? முடிஞ்சா எழுது. இல்லன்னா மூடிய எடுத்து உள்ள வை."

பதில் வந்தது ராயபுரத்துக்காரரிடமிருந்து, வாழைப்பழத் தோலை எங்கே போடுவது என்று தேடிக்கொண்டே.

"நான் எப்புடியும் அரைமணி முன்னாடி வந்து நின்னுகினுதானே கீறேன். என்னிய அப்பவே உள்ள உடு. போறப்ப அரைமணி முன்னாடி வெளிய உடு. ரெண்டு பேரும் செட்டிங்க முடிச்சப்புறம் மணி அடிக்கட்டும். மாமு நிம்மதியா கை கழுவட்டும். எனுக்கும் ராத்திரி முந்தின வண்டி கெடைக்கும்."

அவருக்கு அந்த முந்தின வண்டிமேல் ரொம்ப நாளாகக் கண் என்று பிறகு தெரிந்தது.

அந்த மதியம் முழுக்க அந்த விதிப்படி மூடி நகர்த்தினோம். மில்லிங் கட்டத்தில் இரண்டு மூடிக்கு மேல் நிற்கவில்லை. இன்ஜினியர் நோட்டில் அதைத் தன் கையால் எழுதி, கீழே இரண்டு மில்லிங்காரர்களிடமும் கையெழுத்து வாங்கினார். திங்கட்கிழமை பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் அவரோடு பஸ்ஸில் போனேன். கம்ப்யூட்டர் இருந்த அறையில் என்னை உள்ளே விடவில்லை. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். எங்கள் மில்லிங் மெஷினைவிட அழுக்கில்லாமல், குளுகுளு அறையில் நின்றிருந்தது.

முடிவைப் பார்த்துவிட்டு மேனேஜர் ஒரே கேள்விதான் கேட்டார். "ஒரு மெஷினுக்கு மட்டும் எதற்குத் தனி நேரம்?" இன்ஜினியர் பழைய தாளையும் புதுத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தார். டிராலிகள் வாசல்வரை நின்ற தாள், நிற்காத தாள். கை கழுவும் நேரத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. அது இருந்த இடத்திலேயே இருந்தது. புது வேலை எங்கள் ஷெட்டுக்கே என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். அன்று வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது உங்கள் அம்மா, "அதான் நான் வர்லன்னு அப்பவே சொன்னேனே" என்றாள், ஏதோ அவளே தீர்மானித்த மாதிரி.

அந்த வேலை பல வருஷம் ஓடியது. அதில்தான் நீங்கள் எல்லோரும் படித்தீர்கள். பிறகு வந்த புதுப்புது மெஷின்களில் செட்டிங் மாற்ற ஒரு பொத்தானே போதும் என்று கேள்விப்படுகிறேன். நல்லதுதான். இப்போதும் ராயபுரம் ஸ்டேஷனைத் தாண்டும்போது, அந்த இரண்டு பேர் எதிரெதிரே குனிந்து ஒரே இரும்பைத் தூக்குகிற காட்சிதான் எனக்கு முதலில் வருகிறது. தூக்கும்போது இருவரும் மூச்சு விடாமல், எடுத்து வைத்த பிறகு ஒரே நேரத்தில் விடுவார்கள்.

புது வேலைக்கென்று கூடுதலாக வாங்கிய முதல் மெஷின் லாரியில் வந்து இறங்கிய நாளைச் சொல்லி முடிக்கிறேன். ஷெட்டே வாசலுக்கு வந்துவிட்டது. உருளைகளை அடியில் கொடுத்துத் தள்ளினோம். பெட்டி கிழக்கு வாசலில் வந்து முட்டி நின்றது. நான்கு விரல் அகலம் அதிகம். மேற்கு வாசல் இன்னும் சிறியது. காகிதத்து ஷெட்டில் வாசலுக்கு அகலமே கிடையாது, அதனால் யாருக்கும் அளக்கத் தோன்றவில்லை.

இன்ஜினியர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு நின்றார். குப்பத்துக்காரர் கதவு நிலையை ஒரு தடவை, பெட்டியை ஒரு தடவை பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "நோட்டு கீதா? எழுதிக்க" என்று சொல்லிவிட்டு, சுவரை இடிக்கக் கடப்பாரை எடுக்கப் போனார்.